இரவு 11:32:17

சீனாவின் ஹூனான் மாகாணத் தலைநகரான சாங்ஷாவில், மக்கள் நீதிமன்றம் ஒன்று 2005 ஏப்ரலில் ஷி தாவ் என்ற பத்திரிகையாளருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. தீர்ப்பின் சாட்சியப் பகுதியில் ஒரு வரி வருகிறது. 2004 ஏப்ரல் 20 அன்று இரவு 11 மணி 32 நிமிடம் 17 நொடிக்கு இன்ன ஐபி முகவரியில் (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) இருந்தவர் இன்ன தொலைபேசி இணைப்புக்காரர். அந்த இணைப்பு இன்ன பத்திரிகை அலுவலகத்தினுடையது. விவரத்தைத் தந்தது யார் என்பதையும் தீர்ப்பு ஒளிக்கவில்லை: யாஹூ ஹோல்டிங்ஸ் ஹாங்காங் லிமிடெட்.

சாட்சி சொல்பவர் மனிதராக இருந்தால் "ஒரு பதினொன்றரை இருக்குங்க" என்பார். நொடி பிசகாமல் சொல்ல, யார் எப்போது உள்ளே வந்தார் என்று கணினி தானே எழுதிவைக்கும் பதிவான சர்வர் லாகால்தான் முடியும். அப்படிப்பட்ட லாகுகளை எடுத்துக் கொடுப்பது பல வருடம் என் பிழைப்பாக இருந்தது. அதனால்தான் என் முறை வந்தபோது இந்த வழக்கை எடுத்தேன்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, திருவான்மியூரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் கணினியை நம்பிச் சோறு தின்பவர்கள். தொழிலில் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, யார் எந்த நாளில் என்ன செய்தார்கள் என்று பிரித்துப் பார்ப்பது வழக்கம். பெரும்பாலும் சர்வர் கவிழ்ந்த கதைகள், பாஸ்வேர்டு கசிந்த கதைகள். இந்தக் கதையில் எதுவும் கவிழவில்லை, எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது, அதுதான் வில்லங்கம் என்று சொல்லித்தான் அன்று ஆரம்பித்தேன். பேசியதையும் பேச்சில் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நடந்தது

ஷி தாவ் கவிஞர். பிழைப்புக்குப் பத்திரிகை வேலை. சாங்ஷாவில் ஒரு வணிக நாளிதழில் இருந்தார். 1989இல் பெய்ஜிங்கில் ஜனநாயகம் கேட்டுப் போராடியவர்களை ராணுவம் சுட்ட தியானன்மென் சதுக்கப் படுகொலைக்கு 2004இல் 15ஆம் ஆண்டு வந்தது. வெளிநாட்டில் இருக்கும் எதிர்ப்பாளர்கள் அந்தச் சமயத்தில் ஊர் திரும்பக்கூடும், எச்சரிக்கையாக இருங்கள், எதையும் எழுதிவைக்காதீர்கள் என்ற தோரணையில் கட்சியின் பிரசாரத் துறை பத்திரிகைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அது ஆசிரியர் குழுக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. ஷி தாவ் குறிப்பெடுத்துக்கொண்டார். ஏப்ரல் 20 இரவு அலுவலகத்தில் ஆளில்லாத நேரத்தில், தன் சொந்த யாஹூ கணக்கிலிருந்து நியூயார்க்கில் ஜனநாயக இயக்க இணையதளம் நடத்துபவர்களுக்கு அந்தக் குறிப்புகளை அனுப்பினார். புனைபெயரில்தான் அனுப்பினார்.

இரண்டே நாள். ஏப்ரல் 22 தேதியிட்ட ஒரு நோட்டீஸ், பெய்ஜிங் அரசுப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து அதே நகரத்து யாஹூ அலுவலகத்துக்குப் போனது. குறிப்பிட்ட மின்னஞ்சல் கணக்கைப் பதிவு செய்தவர் விவரம், உள்ளே நுழைந்த நேரங்கள், அப்போதைய ஐபி முகவரிகள், பிப்ரவரி 22 முதல் உள்ள கடிதங்களில் தேவையானவை. நோட்டீஸின் தலையிலேயே காரணமும் இருந்தது: அரசு ரகசியத்தை வெளிநாட்டாருக்குச் சட்டவிரோதமாகக் கொடுத்ததாகச் சந்தேகம். நவம்பரில் ஷி தாவ் கைதானார். அடுத்த ஏப்ரலில் தீர்ப்பு.

யாஹூவின் பங்கு 2005 செப்டம்பரில்தான் வெளியே தெரிந்தது. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு தீர்ப்பை வாங்கி வெளியிட்டது. அதே மாதம் ஹாங்சோவில் ஒரு மேடையில் யாஹூவின் இணை நிறுவனர் ஜெர்ரி யாங்கிடம் கேட்டார்கள். சீனாவோ வேறெந்த நாடோ, தொழில் செய்யப் போனால் உள்ளூர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆகவேண்டும் என்றார்.

இதே போல யாஹூ கொடுத்த தகவலும் சேர்ந்து வாங் சியாவ்நிங் என்பவருக்கு 2003இலேயே 10 ஆண்டு கிடைத்திருந்தது. ஆக இது கைதவறி நடந்த ஒன்று என்று சொல்ல வழியில்லை.

எப்போது முடிவானது

கூட்டத்தில் முதலில் வாய் திறந்தது, ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்தில் இரவு ஷிஃப்டில் உள்ளடக்கப் பரிசோதனை செய்யும் பெண். எங்களில் இளையவள். "அண்ணா, அந்த நோட்டீஸ் வந்த அன்னிக்கு பெய்ஜிங் ஆபீஸ்ல உட்கார்ந்திருந்த ஆளு, குடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

உள்ளே போயிருப்பார். யாஹூவே அதைத்தான் சொன்னது. உத்தரவை மீறினால் எங்கள் ஊழியர்கள் மீது குற்ற வழக்கு வரும், சிறைக்கும் போக நேரும் என்று 2006இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் நிறுவனத்தின் தலைமை வழக்கறிஞர் மைக்கேல் கல்லஹான் சொன்னார். அது பொய்யான வாதம் இல்லை. அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்திருந்தால் நானும் கொடுத்திருப்பேன். சென்னையில் உட்கார்ந்து அந்த ஊழியரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

அதனால் கேள்வியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். அந்த நாற்காலியை அந்த ஊரில் போட்டது யார்?

யாஹூ 1999இல் சீனாவுக்குள் போனது. 2002இல் சீன இணையத் துறையின் சுயகட்டுப்பாட்டு உறுதிமொழியில் கையெழுத்திட்டது. யாரும் துப்பாக்கி காட்டவில்லை. தொழில் நடத்துபவர் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கப் போடும் கையெழுத்து அது. சீன மொழி மின்னஞ்சல் சேவை சீன முகவரியோடு வந்தது. நடத்துவது பெய்ஜிங் ஆட்கள். சட்டப்படி சொந்தக்காரர் ஹாங்காங்கில் பதிவான நிறுவனம். அதற்கும் மேலே கலிபோர்னியா.

இந்த மாதிரி ஏற்பாடுகள் எப்படிப் பிறக்கும் என்று ஓஎம்ஆரில் இருக்கிற எவருக்கும் சொல்லித்தர வேண்டாம். சர்வர் வெளிநாட்டில் இருந்தால் பக்கம் மெதுவாகத் திறக்கும் என்பார் நெட்வொர்க்காரர். விளம்பரம் பிடிக்க உள்ளூரில் ஆள் வேண்டும் என்பார் விற்பனைக்காரர். உரிமம் வாங்க உள்ளூர்ப் பெயர் வேண்டும் என்பார் வக்கீல். ஒவ்வொன்றும் நியாயமான பேச்சு. ஒவ்வொன்றும் தனித்தனி மீட்டிங்கில் ஓகே ஆகும். ஒரு பத்திரிகையாளரைப் பிடித்துக் கொடுப்போமா என்ற கேள்வி எந்த மீட்டிங்கிலும் வராது, வரவேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாம் முடிந்துவிடும். சர்வர், உரிமம், ஊழியர் மூன்றும் ஒரே போலீஸ் எல்லைக்குள் வந்த நாளில் ஷி தாவின் விவகாரம் முடிவாகிவிட்டது என்பது என் கணிப்பு. 2004 ஏப்ரல் 22 அன்று வந்தது பட்டுவாடா சீட்டு மட்டும்தான்.

"அப்ப யாஹூ மேல தப்பு இல்லைங்கிறீங்களா?" என்றார் உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் எங்கள் வக்கீல் நண்பர். இல்லவே இல்லை. தப்பு இருக்கிற இடத்தை மாற்றிச் சொல்கிறேன். நோட்டீஸ் வந்த நாளில் தேடினால் தப்பு ஒரு கீழ்நிலை ஊழியர் தலையில் போய் விழும். மேலே இருப்பவர்களுக்கு அது ரொம்ப வசதி.

படித்தவர் யார்

2006 பிப்ரவரி 15 அன்று வாஷிங்டனில் விசாரணை. யாஹூ, கூகுள், மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ நான்கையும் கூப்பிட்டிருந்தார்கள். கல்லஹான் அன்று ஒன்று சொன்னார்: பயனரின் விவரத்தைக் கேட்டபோது எங்களுக்கு விசாரணை எதைப் பற்றியது என்றே தெரியாது.

2007 ஜூலையில், சீனச் சிறைக்கைதிகளுக்காக வேலை செய்யும் துய் ஹுவா அறக்கட்டளை அந்த ஏப்ரல் 22 நோட்டீஸை வெளியிட்டது. அரசு ரகசியம் என்ற சொல் கருப்பு வெள்ளையில் இருந்தது. பெய்ஜிங்கில் அதை வாங்கிப் படித்தவருக்குச் சீன மொழி தாய்மொழி. சீனாவில் அந்தக் குற்றச்சாட்டு எந்த மாதிரி ஆட்கள் மேல் பாயும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. சாட்சி சொன்ன சில மாதங்களில் உண்மை தெரிந்த பிறகும் கல்லஹான் குழுவுக்குத் திரும்பிச் சொல்லவில்லை; அதற்காக 2007இல் மன்னிப்புக் கேட்டார்.

அந்த இரண்டாம் விசாரணை 2007 நவம்பர் 6 அன்று நடந்தது. குழுத் தலைவர் டாம் லான்டோஸ், ஹங்கேரியில் நாஜிகளிடமிருந்து தப்பிப் பிழைத்தவர். ஷி தாவின் தாயார் காவ் சின்ஷெங் ஜெர்ரி யாங்குக்குப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாங் திரும்பி அவரைப் பார்த்து மூன்று முறை தலை குனிந்து வணங்கினார். அந்தத் தாய் அழுதார். "தொழில்நுட்பத்திலும் பணத்திலும் நீங்கள் ராட்சதர்கள், அறத்தில் குள்ளர்கள்" என்றார் லான்டோஸ். ஷி தாவ், வாங் சியாவ்நிங் தரப்பில் யாஹூ மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டிருந்தார்கள்; ஒரு வாரத்தில் இரண்டு குடும்பங்களோடும் யாஹூ அதைச் சமரசமாக முடித்துக்கொண்டது.

லான்டோஸின் அந்த வாக்கியத்தைத்தான் எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு அதனால் பெரிய பிரயோஜனம் தெரியவில்லை. திட்டு வாங்கியவருக்கு ஒரு நாள் முகம் வாடும், அவ்வளவுதான். பெய்ஜிங்கில் ஒருவர் படித்த தாளில் இருந்தது கலிபோர்னியாவில் இருந்த வக்கீலுக்கு ஏன் வந்து சேரவில்லை என்பதுதான் எனக்குக் குடைச்சல். அது வந்து சேர ஒரு வழியே போட்டிருக்கவில்லை. கோடிக்கணக்கான கடிதங்களை நொடியில் கடத்தத் தெரிந்த நிறுவனத்தில், ஒரு போலீஸ் நோட்டீஸ் பசிபிக் கடலைத் தாண்ட வருடக்கணக்கில் ஆகியிருக்கிறது.

நடுவில் ஹாங்காங் கதை ஒன்று உண்டு, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. அங்கே தனியுரிமை ஆணையரிடம் புகார் போனது. 2007 மார்ச்சில் அறிக்கை வந்தது. ஐபி முகவரி மட்டும் தனியாக இருந்தால் அது ஒரு மனிதரின் தனிப்பட்ட தகவல் ஆகாது, யாஹூ ஹாங்காங் சட்டத்தை மீறியதாகக் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள்.

எங்கள் கூட்டத்தில் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். அதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "டெலிபோன் நம்பர் மட்டும் ஆள் இல்லதான்ப்பா. பக்கத்துலயே டைரக்டரிய விரிச்சு வச்சிருக்கானே, அவனுக்கு?" ஐபி முகவரியை யாஹூ கொடுத்தது, அது யார் வீட்டு இணைப்பு என்ற டைரக்டரி சீன அரசின் கையில். இரண்டையும் சேர்த்துத் தைத்ததுதான் அந்தத் தீர்ப்பின் வரி.

என் டிக்கெட்

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லாமல் போனால் நான் யாங்கைவிடப் பெரிய ஆள் ஆகிவிடமாட்டேன்.

2011 என்று ஞாபகம். பெருங்குடிப் பக்கம் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். வளைகுடா நாடு ஒன்றில் தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் தளத்துக்கு நாங்கள் சப்போர்ட். இரவு ஷிஃப்ட். ஒரு மணி சுமாருக்கு ஒரு டிக்கெட், அதாவது வேலைக் கோரிக்கை, விழுந்தது. சிவியாரிட்டி 2, அதாவது அவசரம்; நான்கு மணி நேரத்தில் முடிக்கவேண்டும். அந்தக் கெடுவுக்கு எங்கள் பாஷையில் எஸ்எல்ஏ என்று பெயர். ஒரே ஒரு வாடிக்கையாளர் எண்; கடந்த 60 நாளில் உள்ளே வந்த நேரங்கள், ஐபி முகவரிகள். காரணம் என்று ஒரு சொல் கிடையாது.

டீம் லீடிடம் கேட்டேன். "எதுக்குங்க கேக்கறாங்க?"

"கிளையன்ட் கேக்கறான், நாம எடுத்துக் குடுக்கறோம். லாக் அவனோடது. நீ ஏன் யோசிக்கற?"

சட்டப்படி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. லாக் அவர்களுடையதுதான். எட்டு சர்வர். ஒவ்வொன்றாக உள்ளே போய் அந்த எண்ணைத் தேடி எடுத்தேன். நேரம் ஜிஎம்டியில் இருந்தது; அவர்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தால் நல்ல பெயர் கிடைக்கும் என்று அதையும் செய்தேன். இதை நினைத்தால்தான் இன்றும் ஒரு மாதிரி இருக்கிறது, யாரும் கேட்காமலே செய்த உபகாரம். எக்செல்லில் போட்டு, தலைப்பு வரிசைக்கு மஞ்சள் அடித்து, இணைத்து, 2:40க்கு மூடினேன். கீழே இறங்கி கேட் எதிரில் சைக்கிளில் டீ விற்பவரிடம் ஒரு டீயும் ஒரு சமோசாவும். நான்கு மணி நேர வேலையை ஒன்றரை மணியில் முடித்ததற்கு அந்த மாதம் லீட் பாராட்டி மெயில் போட்டார்.

அது பில் தகராறாக இருந்திருக்கலாம். யாரோ பாஸ்வேர்டைத் திருடியதாகப் புகார் வந்து, அந்த வாடிக்கையாளருக்கே உதவ எடுத்ததாகவும் இருக்கலாம். ஷி தாவ் போல ஒருவராகவும் இருக்கலாம். மூன்றுக்கும் டிக்கெட் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அந்தப் பெண் கேட்டாள்: "காரணம் எழுதற பாக்ஸே இல்லையா அண்ணா அதுல?"

இருந்தது. "பிசினஸ் ரிக்வயர்மென்ட்" என்று போட்டிருந்தது.

மற்றவர்கள் எங்கே வைத்தார்கள்

யாஹூவை வேறு நிறுவனங்களோடு வைத்துப் பார்த்தால் சர்வர் இடத்தின் அருமை தெரியும். கூகுள் 2006 ஜனவரியில் சீனாவுக்கென்று தனித் தேடல் தளம் தொடங்கியது. அரசுக்குப் பிடிக்காத முடிவுகளை வெட்டியது, வெட்டியிருக்கிறோம் என்று பக்கத்தின் அடியில் ஒரு வரியும் போட்டது. அதற்காக வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை, வாங்கவேண்டியதுதான். ஆனால் ஜிமெயிலையும் பிளாக்கர் என்ற வலைப்பூச் சேவையையும் அந்தச் சீனத் தளத்தோடு கொண்டுபோகவில்லை. ஆட்களின் கடிதங்கள் அந்த ஊர் சர்வரில் இருக்கவேண்டாம் என்று திட்டமிட்டே எடுத்த முடிவு அது. ஷி தாவ் வழக்கு நாறியது நான்கு மாதத்துக்கு முன்னால்தான். யாரோ ஒருவர் பாடம் படித்திருக்கிறார். 2010 ஜனவரியில், மனித உரிமைப் பணியாளர்களின் ஜிமெயில் கணக்குகள் குறிவைக்கப்பட்டதாகச் சொல்லித் தணிக்கையை நிறுத்தப்போவதாக அறிவித்தது; மார்ச்சில் தேடலை ஹாங்காங் பக்கம் திருப்பிவிட்டது. பிறகு 2018இல் 'டிராகன்ஃப்ளை' என்ற பெயரில் மறுபடி தணிக்கைத் தேடலுக்கு ரகசியமாக அடி போட்டது வெளிவந்து, சொந்த ஊழியர்களே எதிர்த்து, கைவிட்டார்கள். ஆசை யாரை விட்டது.

ஆப்பிள் எதிர்த்திசையில் போனது. 2018 பிப்ரவரி 28 முதல், சீனப் பயனர்களின் படங்களும் கோப்புகளும் சேமிக்கப்படும் ஐகிளவுட் சேவையை குய்சோ மாகாண அரசு ஆதரவுள்ள ஒரு நிறுவனம் நடத்துகிறது. அதைவிட முக்கியம், பூட்டைத் திறக்கும் குறியாக்கச் சாவிகளும் அப்போதுதான் முதல் முறையாகச் சீனாவுக்குள் போயின. அதற்கு முன் சீன அதிகாரிகள் ஒரு கணக்கைத் திறக்கக் கேட்டால் அமெரிக்கச் சட்ட வழியாகச் சுற்றி வரவேண்டியிருந்தது. ஆப்பிள் சொன்ன காரணத்தில் புதிதாக ஒன்றுமில்லை: உள்ளூர்ச் சட்டம்.

ரஷ்யாவில் சர்வர்கூடத் தேவைப்படவில்லை. தினம் 5 லட்சம் பயனருக்கு மேல் உள்ள வெளிநாட்டு நிறுவனம் உள்ளூரில் அலுவலகம் திறக்கவேண்டும் என்று 2021 ஜூலையில் சட்டம் வந்தது. செப்டம்பர் 17, நாடாளுமன்றத் தேர்தலின் முதல் நாள். எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி அணியின் வாக்களிப்பு வழிகாட்டிச் செயலியை ஆப்பிளும் கூகுளும் தங்கள் செயலிக் கடையிலிருந்து எடுத்தன. மாஸ்கோவில் இருக்கும் ஊழியர்கள் மீது வழக்கு வரும் என்ற மிரட்டல் போதுமாக இருந்தது. அங்கே சர்வரின் வேலையை மனிதர்களை வைத்தே முடித்துக்கொண்டார்கள்.

"பிடிக்கலைன்னா மூட்டை கட்டிட்டு வந்துடணும், அதுதான் யோக்கியம்" என்றார் பெரியவர். பாதிப் பேர் தலையாட்டினார்கள். மியான்மரைப் பாருங்கள் சார் என்றேன். பர்மா பஜார் இருக்கிற ஊரில் அந்த நாட்டை மறப்பது நியாயமில்லை. நார்வேயின் தொலைபேசி நிறுவனமான டெலிநார் அங்கே 2014இல் சேவை தொடங்கி, 1.8 கோடி வாடிக்கையாளர் வரை சேர்த்தது. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஒட்டுக்கேட்கும் கருவியை இயக்கச் சொல்லி நெருக்கினார்கள்; இயக்கினால் ஐரோப்பியத் தடைகளை மீறியதாகும். டெலிநார் விற்றுவிட்டு வெளியேற முடிவெடுத்தது. 2022 மார்ச்சில் கைமாறியது, லெபனானின் எம்1 குழுமத்துக்கு. கூட்டாளியாக ராணுவத்தோடு தொடர்புள்ளதாகச் சொல்லப்பட்ட ஓர் உள்ளூர் நிறுவனம். நிறுவனத்தை விற்றால் லாகும் சேர்ந்தே போகும். யார் யாரோடு எத்தனை மணிக்குப் பேசினார்கள் என்ற பல வருடக் கணக்கு, டெலிநார் மூட்டையில் வரவில்லை, அங்கேயே இருந்தது. வெளியேறக்கூடாது என்று சொல்லவில்லை. வெளியேறுவதை முதல் நாளே யோசித்து லாகின் ஆயுளைக் குறைத்து வைத்திருக்கவேண்டும். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பில்லிங்குக்கு லாக் வேணும்ப்பா, லைசென்ஸ்லயே எழுதியிருப்பான்" என்றார். அதுவும் சரிதான்.

யாஹூவே பின்னால் ஒரு நல்ல காரியம் செய்தது, யாரும் அதிகம் பேசுவதில்லை. வியட்நாமிய மொழிச் சேவையைத் தொடங்கும் முன் அங்கே என்ன நேரும் என்று உட்கார்ந்து ஆராய்ந்துவிட்டு, அந்தச் சேவையை வியட்நாமில் வைக்காமல் சிங்கப்பூரிலிருந்து நடத்தியது. ஷி தாவ் உள்ளே இருந்த ஆண்டுகளில்தான் இது நடந்தது. அதே நிறுவனம், அதே மாதிரிச் சந்தை, பக்கம் கொஞ்சம் மெதுவாகத் திறந்திருக்கும், அவ்வளவுதான். 1999இல் இதைச் செய்திருக்க முடியாதா என்று கேட்டால், தொழில்நுட்பம் தடுக்கவில்லை என்று மட்டும் சொல்வேன்.

பணக் கணக்கையும் வக்கீல் கேட்டார். 2005இல் யாஹூ தன் சீனத் தொழிலைச் சீன இணைய வணிக நிறுவனமான அலிபாபாவிடம் ஒப்படைத்து, கூடவே 100 கோடி டாலரும் கொடுத்து, அலிபாபாவில் 40 சதவீதம் வாங்கியது. 2017இல் யாஹூவின் சொந்தத் தொழில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் வெரைசனுக்கு விலைபோனது 448 கோடி டாலருக்கு; மிச்சமிருந்த அலிபாபா பங்கின் மதிப்பு அதைப்போலப் பல மடங்கு. மின்னஞ்சல் சேவையை அங்கே நடத்தி, நோட்டீஸுக்குப் பதில் போட்டு, கெட்ட பெயர் வாங்கிச் சம்பாதித்தது சொற்பம். கொழுத்தது அடுத்தவரிடம் கைகழுவிய பிறகு. 2007 விசாரணையில் சீனச் சேவை இப்போது அலிபாபாவின் கட்டுப்பாட்டில் என்று சொல்லவும் அந்த ஏற்பாடு உதவியது.

நம்மூர்

இந்தப் பேச்சு இங்கே வராமல் போகாது, வந்தது. இந்தியாவைச் சீனாவோடு வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் கருவிகள் ஊர்விட்டு ஊர் பயணப்படும். 2021 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி 50 லட்சம் பயனருக்கு மேல் உள்ள சமூக ஊடகம், இந்தியாவில் குடியிருக்கும் ஒருவரைத் தலைமை இணக்க அதிகாரியாக வைக்கவேண்டும். விதி மீறினால் வழக்கு அவர் மேலும் வரும். ரஷ்யச் சட்டத்தைச் சொன்னபோது முகம் சுளித்தவர்கள் இதைச் சொன்னபோது கொஞ்சம் அமைதியானார்கள். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழு, விபிஎன் (இணையத்தில் ஆளின் இருப்பிடத்தையும் ஐபி முகவரியையும் மறைத்துத் தரும் சேவை) நடத்துபவர்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் போன்றவை சர்வரையே இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. வைத்திருந்தால்தானே கொடுக்கவேண்டும்.

"நம்மூர்ல நயன்ட்டி ஒன் நோட்டீஸ்ல குற்ற எண் இருக்கும், பிரிவு இருக்கும். சந்தேகம்னா கோர்ட்டுக்குப் போகலாம்" என்றார் வக்கீல். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவைச் சொல்கிறார். 2024 ஜூலையிலிருந்து அது புதிய சட்டத்தின் 94, ஆனால் வாய் இன்னும் 91 என்றுதான் சொல்லும். ட்விட்டர் போனதே என்றேன். கணக்குகளை முடக்கச் சொன்ன உத்தரவுகளை எதிர்த்துக் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2023 ஜூன் 30 அன்று தோற்று, 50 லட்சம் ரூபாய் அபராதமும் வாங்கி வந்தது. "தோத்தாலும் போக முடிஞ்சுதே, அதுதான் வித்தியாசம்" என்றார். அந்த வித்தியாசம் பெரியது என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். நோட்டீஸைப் பிரித்துப் படிக்கிறவருக்கு அது தெரிந்திருந்தால்தான் அதற்கு மதிப்பு என்பது மட்டும் என் பக்கத்துச் சேர்க்கை. சாங்ஷாவில் வக்கீலுக்கே வழியில்லை: ஷி தாவுக்காக வாதாட முன்வந்த வழக்கறிஞர் குவோ குவோதிங்கின் தொழில் உரிமமே விசாரணைக்கு முன் முடக்கப்பட்டது.

ஷி தாவ் 2013இல், தண்டனை முடிய 15 மாதம் இருக்கையில் வெளியே வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் யாஹூவின் சீன மின்னஞ்சல் சேவை மூடப்பட்டது. அவர் கடிதம் அனுப்பப் பயன்படுத்திய மின்னஞ்சல் முகவரி என்ற ஒன்று இப்போது உலகத்தில் கிடையாது. லாக் மட்டும் தீர்ப்பில் இருக்கிறது.

கூட்டம் முடிந்து ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். அவள் டீமில் தகவல் கேட்டு வரும் கோரிக்கைகளுக்கு ஒரு படிவம் உண்டு. அதில் இரண்டு புதுப் பெட்டிகள் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறாள்: எந்தச் சட்டம் எந்தப் பிரிவு, மூல நோட்டீஸ் எந்த மொழியில் இருக்கிறது. மேனேஜர் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டாராம். கட்டாயம் என்று போடும் சிவப்பு நட்சத்திரத்தை மட்டும் கிளையன்ட் எடுக்கச் சொல்லிவிட்டான்.

"பாதி காலியாதான் வருது அண்ணா. போன வாரம் ஒண்ணுல நிரப்பியிருந்தாங்க. மொழி: அரபி. பிரிவு: பிசினஸ் ரிக்வயர்மென்ட்."

என்ன செய்தாய் என்றேன்.

"மூடல. விளக்கம் வேணும்னு திருப்பி அனுப்பிட்டேன். எஸ்எல்ஏ ஓடிட்டு இருக்கு."